என்னைக் கீழ இருக்கச் சொன்ன மேடை

"சறோ, குறை நினையாதை. நீ இண்டைக்குக் கீழ இரு."

ரவி அண்ணை இதைச் சொன்னது டென்மார்க்கில, வைலே எண்ட ஊரில ஒரு பள்ளிக்கூடத்தின்ர உடற்பயிற்சி மண்டப வாசலில. உள்ளுக்கு எங்கட சங்கத்தின்ர கலைமாலைக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தினம். றப்பர் நிலத்தின்ர மணமும் பொரிச்ச றோல்ஸின்ர மணமும் ஒண்டா வந்தது. என்ர கையில ஆளை விட உயரமான ஒரு பேஸ். வயலினைப் பெருப்பிச்சு நிமித்தி வைச்ச மாதிரி ஒரு சாமான் அது. எங்கட வான் வண்டியில இருந்து இறக்கி, படியில இடிபடாமல், மூச்சு வாங்க வாங்க அப்பதான் கொண்டுவந்து நிமித்தினனான்.

"கீழ எண்டால் எங்க?" எண்டு கேட்டன்.

"சனத்தோட. முன் வரிசையிலேயே ஒரு கதிரை போட்டுத் தாறன்."

"அப்ப பேஸை ஆர் வாசிக்கிறது?"

"அவை மூண்டு பேரும் வாசிக்கட்டுமன். ஒரு நாள்தானே."

போன கிழமை இந்தப் பத்தியில எழுதின ஒடென்சே கலியாணக் கதையை வாசிச்சுப்போட்டு ரெண்டு மூண்டு பேர் போன் எடுத்தவை. "அக்கா, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம்?" எண்டு கேட்டவை. இந்தக் கிழமையும் அதே கோவம்தான். பிடிக்காதவை சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போங்கோ.

நாங்கள் நாலு பேர்

எங்கட குறூப்பில நாலு பேர். வயலினுக்கு லீசா, பான்ஜோவுக்கு பென்ட், கிற்றாருக்கு யோர்ன், பேஸுக்கு நான். அவை மூண்டு பேரும் டெனிஷ் ஆக்கள். வாசிக்கிறது அமெரிக்காவில அப்பலாச்சியன் எண்ட மலைப்பக்கத்து ஆக்களின்ர பாட்டுகள். டென்மார்க்கில மலை இல்லை, இருக்கிறது மேடுதான். எண்டாலும் அந்தப் பாட்டைக் கேக்க ஊர் மண்டபங்களுக்கு ஆக்கள் வருவினம், கோப்பியும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டு இருந்து கேட்டிட்டுப் போவினம்.

நான் இதுக்குள்ள வந்து விழுந்தது வேலையால. நான் முதியோர் இல்லத்தில பராமரிப்பு வேலை. லீசாவும் அங்கதான். வியாழக்கிழமைகளில அவ வயலினைக் கொண்டுவந்து வயசுபோன ஆக்களுக்கு வாசிப்பா. ஒரு நாள் அவவின்ர பேஸ்காரன் வேற ஊருக்குப் போயிட்டான். அவ என்னைப் பாத்து, "நீ சாப்பாட்டு வண்டில் தள்ளேக்க கூட தாளம் பிழைக்காமல் தள்ளுறாய், வந்து பிடி" எண்டா.

அவ சொன்னதில உண்மை இருக்கு. கோயில் பஜனையில கனகாலம் தாளம் போட்டவள் நான். பாடுறவை எங்க ஓடினாலும் பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறதுதான் என்ர வேலை. பேஸும் அதே வேலைதான். வடிவா வாசிக்கிறன் எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். நீ நிப்பாட்டினால்தான் ஏதோ குறையுது எண்டு தெரியும்.

தேவன் காவின பெட்டி

இந்தப் பேஸை இவ்வளவு காலமும் காவினது என்ர மனிசன் தேவன். தொழிற்சாலையில பெட்டி அடுக்கிற வேலை முடிச்சு வந்து, முதுகு நோகுது எண்டு சொல்லிச் சொல்லி, இதையும் தூக்கி ஏத்துவார். பேஸ் போகவேணும் எண்டதுக்காகவே ஒரு பழைய வான் வாங்கினவர். கறுத்த உறைக்குள்ள அது கிடக்கிற கிடையைப் பாத்து எங்கட ஆக்கள் பகிடி பண்ணுவினம்.

"தேவன், ஆரை அடக்கம் பண்ணப் போறியள்?"

"மனிசியின்ர வாயைத்தான்" எண்டுவார்.

எந்த ஊர் மண்டபத்தில நாங்கள் வாசிச்சாலும் ரெண்டாவது வரிசையில அவர் இருப்பார். சங்கீதம் சுத்த சூனியம். கை தட்டினால் பிழையான இடத்திலதான் விழும். அதுவும் மெல்லமாத் தட்டமாட்டார், மனம் நிறைஞ்சு ஓங்கித் தட்டுவார். பென்ட் தன்ர தாளம் குழம்பிடும் எண்டு அந்தப் பக்கம் பாக்கிறதே இல்லை.

போன மாரியில அவர் செத்துப்போனார். வேலையில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவராம், பிறகு எழும்பேல்லை. அதைப் பற்றி வேற ஒரு கிழமை எழுதுவன், இல்லாட்டி எழுதமாட்டன்.

கொஞ்சக் காலம் நான் பேஸைத் தொடேல்லை. பிறகு ஒரு நாள் லீசா வீட்டை வந்து, ஒண்டும் கதைக்காமல் வயலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினா. நானும் எழும்பிப் போய்ப் பிடிச்சன். அந்த ஒரு மணித்தியாலம் நான் அழேல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் மிச்ச நாளுகளைத் தள்ளிக்கொண்டு வந்தனான். ஆராவது என்னட்டை இருந்து பேஸை வேண்டி வைச்சால் எனக்கு அந்த வீட்டில சுவர் மட்டும்தான் மிச்சம். இதை விளங்கிக்கொண்டு மேல வாசியுங்கோ.

மேடை சின்னனாம்

கலைமாலைக்கு எங்களைக் கேட்டதே ரவி அண்ணைதான். அவர் சங்கத்தின்ர செயலாளர். "உங்கட வெள்ளைக்காரக் குறூப்பை ஒருக்கா எங்கட மேடைக்குக் கூட்டிக்கொண்டு வாவன், சறோ" எண்டு அவர்தான் போன் எடுத்தவர். நானும் சந்தோசமா ஓம் எண்டனான். லீசா நாலு பேரும் நிக்கிற படம் ஒண்டு அனுப்பினவ. வட்சப்பில விளம்பரம் வந்தது, பாத்தால் அதில மூண்டு பேர். பேஸின்ர கழுத்து மட்டும் ஒரு ஓரத்தில தெரிஞ்சது. இடம் காணாமல் வெட்டியிருப்பினம் எண்டு நானும் மடைச்சி மாதிரி நினைச்சன்.

இப்ப மண்டப வாசலில அண்ணை சொன்ன முதல் காரணமும் இடம்தான். மேடை சின்னனாம், பேஸ் நிக்காதாம்.

பென்டுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் அண்ணை மேடையைக் காட்டி ரெண்டு கையையும் ஒடுக்கினது விளங்கியிட்டுது. மனிசன் ஏறிப் போய், கையை விரிச்சுக்கொண்டு அங்கயிருந்து இஞ்ச நடந்து பாத்துப்போட்டு, இதில ஒரு மாட்டையும் கட்டலாம் எண்டு டெனிஷில சொன்னார். அவர் மாடு வளக்கிற கமக்காரன்ர மகன், அவருக்கு எல்லா அளவும் மாட்டுக் கணக்குத்தான்.

அண்ணை இருமினார். ரெண்டாவது காரணம் வந்தது. "கொம்யூன் நகரசபையில இருந்து ஒரு பெரிய ஆள் வாறார். டெனிஷ் ஆக்கள் எங்கட மேடையில வாசிக்கினம் எண்டு படம் எடுத்துப் போட இருக்கிறம். நடுவில எங்கட ஆள் ஒண்டு நிண்டால் அது சும்மா எங்கட நிகழ்ச்சி மாதிரிப் போயிடும்."

"இது எங்கட நிகழ்ச்சிதானே, அண்ணை."

"உனக்கு விளங்குதில்லை."

விளங்காமல் என்ன. மூண்டு வெள்ளை முகத்துக்கு நடுவில ஒரு சறோ நிண்டால் படம் பழுதாப் போயிடும். எங்கட மேடையில எங்கட முகம் வடிவில்லையாம். இதை ஒரு டெனிஷ்காரன் சொல்லியிருந்தால் இதே ரவி அண்ணை பேப்பருக்குக் கடிதம் எழுதியிருப்பார்.

மூண்டாவது காரணம்

உண்மையைச் சொன்னது அவற்ற மனிசி மனோ. குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டு நிண்டவ, எங்களைப் பாக்காமலே சொன்னா.

"சறோக்கா, வருசம் திரும்பேல்லையெல்லோ. விளக்கேத்திற மேடை. சனம் கதைக்கும்."



அப்ப இடமும் இல்லை, படமும் இல்லை. தேவன் செத்து ஆண்டுத் திவசம் முடியேல்லை, நான் அந்த மேடையில ஏறினால் அபசகுனம். இதைச் சொல்ல வாய் வராமல்தான் மேடையை ஒடுக்கினவை, கொம்யூன்காரனைக் கூப்பிட்டவை, என்ர காதில பூச்சுத்தினவை.

பத்தி எரிஞ்சுது எனக்கு. இப்ப எழுதேக்கையும் எரியுது.

நான் முதியோர் இல்லத்தில வேலை எண்டு சொன்னனான். அங்க எங்கட தமிழ் அம்மாமாரும் இருக்கினம். இந்தச் செயற்குழுவில இருக்கிற ஒராளின்ர தாயும் இருக்கிறா. ஆரின்ர தாய் எண்டு சொல்லமாட்டன், வேலையில வாய் திறக்கக்கூடாது எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறன். ஆனால் அந்த அம்மாவைக் குளிப்பாட்டுறதும், தலை இழுத்து விடுறதும், நெத்தியில திருநீறு பூசி விடுறதும் இந்தக் கைதான். அங்க இந்தக் கைக்குத் துடக்கும் இல்லை, தீட்டும் இல்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து "சறோ இருக்கிறபடியால்தான் நான் நிம்மதியா இருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டுப் போறார். மேடையில நாலு கம்பியை இழுக்க மட்டும் கை கூடாதாம்.

தேவனின்ர செத்தவீட்டை நிண்டு நடத்தினதும் இதே ரவி அண்ணைதான். என்னை விடக் கூட அழுதவர். அதுதான் இன்னும் கோவம். கூடாத மனிசன் எண்டால் துப்பிப்போட்டுப் போயிருப்பன்.

மலையில ஒரு வெள்ளிக்கிழமை

இந்த இடத்தில ஒரு பழைய கதை சொல்லவேணும்.

சில வருசத்துக்கு முந்தி நாலு பேரும் அந்த அப்பலாச்சியன் மலைப்பக்கம் போனனாங்கள். தேவனும் வந்தவர். ஒரு சின்ன ஊர், ஒரு பழைய கடை. வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமானுகளை ஓரத்துக்குத் தள்ளிப்போட்டு மடக்குக் கதிரை போடுவினம். முன்னுக்குப் பலகை நிலம், அது ஆடுற ஆக்களுக்கு. சப்பாத்துக்கு அடியில தகடு அடிச்சுப்போட்டு ஆடுவினம். குடி இல்லை. பின்னால பொம்பிளையள் கேக் விப்பினம். தேவன் எங்கட கோயில் மடப்பள்ளி மாதிரிக் கிடக்கு எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

உள்ளுக்கு மேடையில ஒரு குறூப் எண்டால் வெளியில கார் நிக்கிற இடத்தில இன்னும் நாலு குறூப். வட்டமா நிண்டு வாசிப்பினம். ஆரும் போய் நிக்கலாம். என்ர பேஸைக் கொண்டுபோகேல்லை. ஒரு மனிசன் தன்ரயை என்னட்டைத் தந்திட்டுச் சாப்பிடப் போயிட்டான். "எங்கயிருந்து?" எண்டு கேட்டான். டென்மார்க் எண்டன். "கனதூரம் கார் ஓடி வந்தியளோ?" எண்டு கேட்டான். ஓம் எண்டன், அவனுக்கு அது காணும். ஒரு மனிசி மட்டும் நான் செவ்விந்திய ஆளோ, எந்தக் கூட்டம் எண்டு விசாரிச்சா. யாழ்ப்பாணக் கூட்டம் எண்டு சொல்லியிருக்கலாம், அப்ப வாயில வரேல்லை.

அண்டைக்கு மேடையில ஒருத்தி கிற்றாரோட ஏறினவ. முந்தின நாள்தான் தகப்பனை அடக்கம் பண்ணினவளாம். பக்கத்தில இருந்தவை சாதாரணமாச் சொல்லிச்சினம். குரல் நடுங்க நடுங்கப் பாடினா. நடுவில நிண்டுபோனா. குறூப்பில மற்ற ஆக்கள் நிப்பாட்டாமல் அதே மெட்டைச் சுத்திச் சுத்தி வாசிச்சுக்கொண்டு நிண்டினம், அவ திரும்பச் சேருமட்டும். ஒருத்தரும் அவவைப் பாத்து, உனக்கென்ன இப்ப மேடை எண்டு கேக்கேல்லை. துக்கம் இருக்கிறபடியால்தான் பாட்டு எண்டு அவை நினைக்கினம்போல.

அவையிட்டையும் ஆயிரம் குறை இருக்கும். நான் பாத்தது ஒரு கிழமை. ஆனால் இதில அவை எங்களை விட மேல். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

சுதி சேர்க்கினமாம்

திரும்ப வைலேக்கு வருவம்.

லீசா என்னட்டை வந்து, என்னவாம் எண்டு டெனிஷில கேட்டா. நான் இடம் காணாதாம் எண்டு சொன்னன். பொய்தான். புருசன் செத்தவள் ஏறினால் மேடை பழுதாப் போகும் எண்டு என்ர ஆக்கள் நம்பினம் எண்டதை எந்த டெனிஷில சொல்லுறது? என்னை மேடையால இறக்கினவையின்ர மானத்தையும் நான்தான் காப்பாத்த வேண்டிக்கிடந்தது. அந்தக் கோவம் மற்றக் கோவத்தை விடப் பெரிசு.

"அப்ப நாங்களும் வாசிக்கேல்லை" எண்டா லீசா.

"இல்லை, போய் வாசியுங்கோ" எண்டன். இவை இறங்கினால், சறோவாலதான் கலைமாலை குழம்பினது எண்டு சாகுமட்டும் சொல்லுவினம். அண்ணை போட்ட முன்வரிசைக் கதிரையில நான் இருக்கேல்லை. மண்டபத்தின்ர கடைசியில, றோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில, சுவரில பேஸைச் சாத்திப்போட்டு நிண்டன்.

விளக்கேத்தினவை. தேவாரம் பாடினவை. தலைவர் கதைச்சார், கொம்யூன்காரர் கதைச்சார், பிள்ளையள் சினிமாப் பாட்டுக்கு ஆடினவை. பிறகு எங்கட குறூப்.

பேஸ் இல்லாமல் அந்த மெட்டு கால் இல்லாத மேசை மாதிரி ஆடிச்சுது. மலைப்பாட்டில கனக்க மெட்டுக்கு வாய்ப்பாட்டு இல்லை. ஒரே மெட்டு, ரெண்டு பாகம், வோஷிங் மெசின் மாதிரிச் சுத்திச் சுத்தி வரும். அதில போய் இருந்தால்தான் சுகம் தெரியும். எங்கட சனம் பாட்டு எப்ப தொடங்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தினம். கொஞ்சத்தால கதைக்கத் தொடங்கிச்சினம். ஒராள் றோல்ஸ் எடுக்க எழும்ப, பின்னால வரிசை எழும்பினது.

அப்பதான் அறிவிப்பாளர் மேடையில ஏறினார். மூண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கினம், இவர் நடுவில நிண்டு மைக்கைப் பிடிச்சார்.

"அன்பான உறவுகளே, கலைஞர்கள் சுதி சேர்த்துக்கொண்டிருக்கும் இந்த இடைவெளியில் ஒரு அறிவித்தல். வாசலை மறித்து நிற்கும் சாம்பல் நிறக் காரின் உரிமையாளர் உடனடியாக வரவும்."

சுதி சேர்க்கினமாம். பாட்டு அரைவாசி முடிஞ்சுது, இவர் இன்னும் சுதி சேர்க்கினம் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறார். பென்டின்ர முகம் சிவந்துபோச்சு. யோர்ன் கிற்றாரை நிப்பாட்டுறதோ விடுறதோ எண்டு பே முழி முழிச்சான். லீசா மட்டும் விடேல்லை, வயலினை இன்னும் இறுக்கி இழுத்தா.

என்னைக் கீழ இருக்கச் சொன்னதைப் பல்லைக் கடிச்சுக்கொண்டு பொறுத்தனான். இதைப் பொறுக்க ஏலேல்லை. மேடையில ஏறக்கூடாது எண்டுதானே சொன்னவை? நிலத்தில நிக்கக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

நிண்ட இடத்திலேயே பேஸை நிமித்தி, மெட்டு சுத்தி வாற இடத்தில விழுந்து பிடிச்சன்.

கதிரை

பேஸுக்கு மைக் தேவையில்லை. அது நிலத்தால போகும். றப்பர் நிலத்தால போய்க் கதிரைக் காலால ஏறினது. கடைசி வரிசை திரும்பிப் பாத்தது. பிறகு அதுக்கு முன் வரிசை. கழுத்தைத் திருப்பி நோகுது எண்டு ஆரோ ஒராள் எழும்பிக் கதிரையையே திருப்பிப் போட்டார். பக்கத்தில இருந்த மனிசியும் திருப்பினா. பாத்துக்கொண்டிருக்க முழு மண்டபமும் கிரீச் கிரீச் எண்டு திரும்பினது. மேடைக்கு முதுகு, றோல்ஸ் மேசைக்கு முகம்.

லீசா வாசிச்சுக்கொண்டே மேடையால இறங்கி நடுவால நடந்து வந்தா. பின்னால பென்டும் யோர்னும். அறிவிப்பாளர் மைக்கோட தனிய நிண்டார். கொம்யூன்காரர் கையில றோல்ஸோட காலைத் தட்டினார். சின்னப்பிள்ளையள் சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நடுவில குதிச்சினம். ஆடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை.

சனம் கை தட்டத் தொடங்கிச்சினம். நான் வாசிச்சுக்கொண்டு காதைக் குடுத்துக் கேட்டன். எல்லாற்ற கையும் சரியான இடத்தில விழுந்தது. எனக்கு அது தாங்கேல்லை. அழுதுகொண்டுதான் வாசிச்சன், ஆனால் தாளத்தை விடேல்லை.

முடிய, சனம் வந்து கையைப் பிடிச்சது. மனோவும் வந்தா, ஒரு கோப்பைத் தேத்தண்ணி தந்தா. வேண்டிக் குடிச்சன். தேத்தண்ணியோட எனக்குக் கோவம் இல்லை.

வானுக்குக் கொண்டுபோகேக்க ரவி அண்ணை வந்து பேஸின்ர மற்றப் பக்கத்தைத் தூக்கினார். நான் கேக்கேல்லை. ரெண்டு பேருமா ஏத்தினம். கதவைச் சாத்திப்போட்டு, மனிசன் நல்லது சொல்லுறன் எண்ட முகத்தோட சொன்னார்.

"அடுத்த முறை வருசம் திரும்பியிடும், சறோ. பிரச்சினை இல்லை. நீ மேடையிலேயே நிக்கலாம்."

வருசம் திரும்பினால் பிரச்சினை இல்லையாம். வருசம் திரும்பினால் தேவன் திரும்பிடுவாரோ? அதைக் கேட்டால் நான் அந்த இடத்திலேயே விழுந்து அழுதிருப்பன். அதால வேற ஒண்டைச் சொன்னன்.

"அடுத்த முறையும் நான் கீழதான் நிப்பன், அண்ணை. நீங்கள் கதிரையை முதலே திருப்பிப் போட்டு வையுங்கோ."